தாளிக்காத வீடு

ஜூன் 9, திங்கள்

என் மனைவி ஆவுடை என்ன சாப்பிடுகிறாள், எது வயிற்றில் தங்குகிறது, எந்த வாசனைக்குக் குமட்டுகிறது என்று தினமும் எழுதி வைக்கச் சொன்னார் டாக்டரம்மா. எழுதுகிறேன். கூடவே என் வயிற்றெரிச்சலையும் எழுதப் போகிறேன். அதைக் கொட்ட வேறு இடம் கிடையாது.

இரண்டாவது கீமோ முடிந்து சில நாள்தான் ஆகிறது. காலையில் உப்புமாவுக்குத் தாளித்தேன். கடுகு வெடித்துப் பெருங்காயம் விழுந்ததுதான் தாமதம், படுத்திருந்தவள் எழுந்து ஓடிவந்து வாஷ்பேசினில் குனிந்துவிட்டாள். வயிற்றில் ஒன்றுமே இல்லை. பச்சையாக வந்தது. முதுகைத் தடவிவிட்டேன். கையில் எலும்பு தட்டியது. "கிட்ட வராதிய" என்றாள். மார்பில் கட்டி வந்தவளுக்கு முதுகு ஏன் இப்படி ஆகிறது?

வாசனைதானே எதிரி. அதை ஒழிக்க எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஒரு விசிலுக்கு அத்தனை பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்துகிற பி.டி. வாத்தியார் நான். மத்தியானத்துக்குள் வீட்டைச் சுத்தம் செய்துவிட்டேன். ஊதுவத்தி, சாம்பிராணி, கற்பூரம், முகப்பவுடர், பீரோவில் கிடந்த ரசகற்பூர உருண்டை, பினாயில், பெருங்காய டப்பா எல்லாம் சாக்கில் கட்டி மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போட்டேன். சாமி படத்துக்குப் போட்டிருந்த பிச்சிப்பூவையும் எடுத்துவிட்டேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை. படத்துச் சாமி எப்படிச் சொல்லும்?

தொற்று வந்துவிடக் கூடாது என்று நர்ஸ் சொன்னதால் நான் மட்டும் மருந்து சோப்பு போட்டுக் குளிக்கிறேன். காலை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், ராத்திரி. குளித்துவிட்டுத்தான் அவள் கிட்டே போவது.

ராத்திரி குளித்துவிட்டுக் கஞ்சி கொண்டு போனேன். இரண்டு வாய். வாந்தி.

ஜூன் 10, செவ்வாய்

இட்லி ஒன்று. பாதி தங்கியது.

ஜூன் 12, வியாழன்

சண்முகவடிவு அக்கா வந்தாள். என் கூடப் பிறந்தவள் என்பதற்காக வாசல் வரை விட்டேன். கையில் ஒரு சின்னப் பெட்டி. ஏதோ எண்ணெய் விற்கிற கம்பெனியில் சேர்ந்திருக்கிறாளாம். விரல் நீளத்துக்கு வரிசையாக பாட்டில்கள். தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டால் புகை போல ஆவி வருகிற ஒரு ரோஸ் நிற மிஷின் வேறு.

"ஏல நல்லசிவம், இது லாவண்டர். ராத்திரி போட்டா மனசு அடங்கிரும். இது எலுமிச்சம்புல்லு. காலைல போட்டா ஒரு சுறுசுறுப்பு வரும். இந்த ஆரஞ்சு இருக்கு பாத்தியா, இது கொமட்டலுக்கு. வீட்டோட மூடே மாறிரும்ல."

"வீட்டுக்கு என்ன மூடு? வீடு என்ன ஒம்பதாம் கிளாஸ் பையனா?"

"ஒனக்கு எதச் சொன்னாலும் எடக்கு. அவளுக்குக் குடுத்துப் பாப்போம்னுதான் கொண்டாந்தேன்."

"அவளுக்கு வந்திருக்கது மூட் அவுட்டா? புத்துநோய்க்கா. புத்துநோய். அதுக்கு நீ ஆரஞ்சுத் தோல கொண்டுக்கிட்டு வாரியே, வெக்கமா இல்ல?"

சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும். அக்கா முகம் சுண்டிப் போனது. ஆவுடையை மட்டும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். பெட்டியை வெளியே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். உள்ளே போனவள் கொஞ்ச நேரத்தில் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

ஆவுடை ஒன்றும் கேட்கவில்லை. தூங்கியிருப்பாள்.

ஜூன் 15, ஞாயிறு

சமையலை மொட்டை மாடிக்கு மாற்றிவிட்டேன். கரண்ட் அடுப்பு, ஒரு ஸ்டூல், மேலே தார்ப்பாய். ஆனிக் காற்று தார்ப்பாயைப் பிய்க்கிறது. பிய்க்கட்டும், காற்றடித்தால் வாசனை வீட்டுக்குள் இறங்காது. செய்கிற எல்லாவற்றையும் ஆறவைத்து, வாசனை போன பிறகுதான் கீழே கொண்டுவருவது. தயிர் சாதம், வெந்த உருளைக்கிழங்கு, ஆறின கஞ்சி. தாளிப்பு கிடையாது, கறிவேப்பிலை கிடையாது.

அவளுடைய சித்தி மகள் பார்க்க வந்தாள். தலையில் முழ நீளத்துக்குப் பிச்சி. கேட்டிலேயே மறித்து எடுக்கச் சொன்னேன். "அத்தான், சுமங்கலி தலையில இருக்க பூவ எடுக்கச் சொல்லுதியளே" என்றாள். எடுக்காவிட்டால் உள்ளே வர வேண்டாம் என்றேன். அவள் வரவில்லை. நல்லது. வந்தால் "பிள்ளையும் இல்ல, இனி யாரு பாப்பா" என்றுதான் ஆரம்பிப்பாள். போன தடவையும் அதைத்தான் சொன்னாள்.

காலையில் கஞ்சி தங்கியது. நான் அப்போது மாடியில் இருந்தேன், அவளே குடித்தாள். சாயங்காலம் குளித்துவிட்டு வந்து நானே ஊட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாந்தி.

காரணம் பிடிபடவில்லை. வீட்டில் இனி என்ன வாசனை மிச்சம் இருக்கிறது?

ஜூன் 17, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். கீழ்வீடு.

கீழே குடியிருக்கிற ரஹ்மத் முறுக்கும் சீடையும் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். புருஷன் யூசுப் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மூன்று வருஷமாக அந்த எண்ணெய் வாசனை மாடிப்படி வழியாக ஏறி வந்துகொண்டுதான் இருக்கிறது. எனக்கு ஏன் முதலிலேயே உறைக்கவில்லை?

கீழே போனேன். அச்சைப் பிழிந்துகொண்டிருந்தவள் எழுந்து நின்றாள்.

"அடுப்ப அணை."

"சார்?"

"மேல ஒருத்தி கொடல் வெளிய வார மாதிரி வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடக்கா. நீ இங்க எண்ணெய காய வச்சிக்கிட்டிருக்க. ரெண்டு மாசத்துக்கு இந்த வீட்டுல ஒரு முறுக்கு பொரியக் கூடாது. முடியாதுன்னா வீட்டக் காலி பண்ணு."

அவள் சட்டியைப் பார்த்தாள். அரைவேக்காட்டில் நாலைந்து முறுக்கு மிதந்தது. அடுப்பை அணைத்தாள். "சரி சார்" என்றாள்.

அவ்வளவுதான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். முறுக்கு அப்படியே எண்ணெயில் ஊறிக்கொண்டு கிடந்தது.

ஜூன் 20, வெள்ளி

வீட்டில் எந்த வாசனையும் இல்லை. வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். சுத்தம். இந்த மாதிரி ஒழுங்கு எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது.

ஆவுடை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "இன்னிக்கு என்ன கெழம?" என்று கேட்டாள்.

"வெள்ளிக்கெழம."

"அப்படியா? தெரியவே இல்ல."

வெள்ளிக்கிழமை என்றால் அவள் சாயங்காலம் சாம்பிராணி போடுவாள். தட்டோடு எல்லா அறைக்கும் போய் வருவாள். கதவுக்குப் பின்னால் கூட விடமாட்டாள். அதைத்தான் நினைத்திருப்பாள் போல. "குணமானதும் போடலாம்ட்டி" என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த மருந்துக்குக் கண் எரியும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார்.

சாப்பாடு: தயிர் சாதம், ஒரு கை அளவு. பேச்சு: அதைவிடக் குறைவு.

ஜூன் 23, திங்கள்

மூன்றாவது கீமோ. ஊசி போடும் முன்னாலேயே, கையைத் துடைக்கிற ஸ்பிரிட் வாசனைக்கே போன தடவை வாந்தி எடுத்தாள். இந்தத் தடவை நான் வாளியோடு தயாராக நின்றேன். அவள் ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். நர்ஸ் பஞ்சால் துடைத்தார், ஊசி ஏற்றினார். ஒன்றும் ஆகவில்லை.

கட்டிலுக்கு மறுபக்கம் நான் நின்றேன். ஆரஞ்சுத் தோலை உரித்த மாதிரி வாசனை.

வண்டியில் வரும்போது ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும். சண்டைக்கு அவளுக்குத் தெம்பு கிடையாது. இருந்தாலும் என் வீட்டில், எனக்குத் தெரியாமல், அந்த அக்காவும் இவளுமாகச் சேர்ந்து! நான் வெயிலில் தார்ப்பாய்க்குக் கீழே நின்று கஞ்சி காய்ச்சுகிறேன், இவர்கள் கைக்குட்டை கைமாற்றுகிறார்கள்.

வாந்தி: ஆஸ்பத்திரியில் இல்லை. காரணம்: தெரியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

குளித்துவிட்டு இளநீர் கொடுத்தேன். வாந்தி.

ஜூன் 26, வியாழன்

டாக்டரம்மா எடை பார்த்தார். முகம் மாறியது. "இப்படியே எறங்கிக்கிட்டே போனா அடுத்த டோஸ் தள்ளி வைக்க வேண்டியிருக்கும் சார்" என்றார்.

நான் கத்தினேன். வாசனை ஆகாது என்று சொன்னீர்கள், ஒரு வீட்டையே துடைத்து வைத்திருக்கிறேன், இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா கோபப்படவில்லை. "எந்த வாசனைன்னு அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்றார்.

என்ன கேள்வி இது. கூடவே இருக்கிற எனக்குத் தெரியாதா?

ஜூன் 28, சனி

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

மண்டல விளையாட்டுப் போட்டிக்கு அணி தேர்வு செய்யப் பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்தது. மத்தியானம் திரும்பி வந்தேன். கட்டிலில் ஆவுடை இல்லை. குளியலறையிலும் இல்லை. ஓடி வந்து பார்த்தால் மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வருகிறாள். முடி இல்லாத தலையில் துண்டு கூட இல்லை. கையைக் கொடுத்தேன். தட்டிவிட்டாள்.

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு கேட்டாள்.

"யாரக் கேட்டு அவ அடுப்ப அணைக்கச் சொன்னிய?"

"அந்த வாசன ஒனக்கு ஆகல்லன்னுதான்..."

"எனக்கு ஆகல்லன்னு நான் சொன்னேனா?"

"நீ சொல்லணுமாக்கும். நாந்தான் பாக்கேன்ல, தெனமும் வாந்தி எடுக்க..."

"அந்தப் பிள்ள பத்து நாளா சும்மா உக்காந்திருக்கா. சட்டிய கழுவிக் கவுத்து வச்சிருக்கா. கடைக்காரன் வேற ஆளப் பாத்துட்டானாம். அழாம சொல்லுதா, அழுதாக் கூட எனக்கு ஆறும். இது எங்க அப்பா கட்டுன வீடு. இதுல குடியிருக்கவளப் போன்னு சொல்ல ஒங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்பா வீடு என்று அவள் சொன்னதே இல்லை. எனக்குத் தலைக்கேறிவிட்டது. "ஒனக்காகத்தான்ட்டி எல்லாம்! வெயில்ல நின்னு சமைக்கேன், தரையக் கழுவுதேன், நாய் மாதிரி..."

"எனக்காவன்னா என்ட்ட கேட்டிருக்கணும்."

அப்புறம் அவள் பேசிக்கொண்டே போனாள். நிறுத்தி நிறுத்தி, மூச்சு விட்டு விட்டு.

"காலையா சாயங்காலமான்னு தெரியல. கண்ண மூடுனா எங்க கெடக்கோம்னு தெரியல. கீழ அந்தப் பிள்ள சீடை போடும்போது, ஆமா, கொமட்டும். கொமட்டுனா வாளி இருக்கு. ஆனா மணி மூணு ஆச்சு, நாம வீட்டுல இருக்கோம்னு தெரியும்லா. செத்த வீட்டுலகூட ஊதுவத்தி மணக்கும். இங்க அதுவும் இல்ல."

"அப்படிச் சொல்லாத."

"சொல்லுவேன். என்னைய இன்னும் எடுத்துட்டுப் போகல. அதுக்குள்ள எல்லாத்தையும் சாக்குல கட்டி மாடியில போட்டுட்டிய."

நான் கிட்டே போனேன். தோளைத் தொடத்தான் போனேன். அவள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள்.

"அந்த சோப்பு" என்றாள்.

"என்ன சோப்பு?"

"ஒங்க மேல அடிக்குதே, அந்த மருந்து சோப்பு. அப்படியே ஆஸ்பத்திரி வாசன. நீங்க குளிச்சிட்டு கஞ்சியோட வரும்போதே எனக்கு ஊசி ஏத்துத மாதிரி இருக்கும். எண்ணெயும் இல்ல, தாளிப்பும் இல்ல. தெனமும் நான் வாந்தி எடுத்தது ஒங்களுக்குத்தான்."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? மூணு வேள குளிச்சிட்டு ஓடி வாரியளே. மனசு கேக்கல."

மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். தார்ப்பாயைக் கழற்றி எறிந்தேன். ஸ்டூலை உதைத்தேன். கால் விரல் வீங்கியிருக்கிறது. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 29, ஞாயிறு

வெறும் தண்ணீரில் குளித்துவிட்டுக் கஞ்சி கொடுத்தேன். முக்கால் டம்ளர். தங்கியது.

இந்தக் குறிப்பை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். நானே எழுதியதுதான். படிக்கத் தெரியாதவனுக்குப் பேனா எதற்கு?

ஜூன் 30, திங்கள்

கீழே போனேன். யூசுப் கதவைத் திறந்தான். உள்ளே கூப்பிடவில்லை. அட்டைப் பெட்டிகள் கட்டிக் கிடந்தன.

"தெக்குத் தெருவுல வீடு பாத்தாச்சு சார். அட்வான்ஸும் குடுத்துட்டோம்."

"போக வேண்டாம்ப்பா. நான் அன்னைக்குப் பேசுனது தப்பு."

இப்படி ஒரு வாக்கியத்தை நான் தலைமையாசிரியரிடம்கூடச் சொன்னதில்லை. அவன் தரையைப் பார்த்தான். பின்னாலிருந்து ரஹ்மத் வந்தாள்.

"அக்காட்ட நான் போயிச் சொல்லல சார். அவங்களாத்தான் வந்து கேட்டாங்க."

"தெரியும்மா."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல சார். நேரத்த மாத்தவா, பின்கட்டுக்கு அடுப்ப கொண்டு போகவா, என்னமும் ஒண்ணு. அக்காவுக்கு ஆகாதுன்னா நானே அணைச்சிருப்பேனே. நீங்க என்னைய நாய வெரட்டுத மாதிரி வெரட்டுனிய. இனி இங்க சட்டிய வச்சா எண்ணெய் காயாது சார், என் வயிறுதான் காயும்."

அவள் குரல் உயரவே இல்லை. எனக்குத்தான் காது அடைத்தது. முதலில் ஒரு கோபம் வந்தது. மன்னிப்புக் கேட்ட பிறகும் என்ன என்று. படி ஏறி முடிக்கும் முன் அந்தக் கோபம் அவள் மேல் நிற்கவில்லை.

ஜூலை 2, புதன்

ஆவுடை அக்காவுக்குப் போன் போட்டாள். என் கையில் கொடுத்தாள். "பேசுங்க."

"அக்கா, அன்னைக்கு..."

"வைல போன" என்றாள் அக்கா. ஆனால் சாயங்காலம் வந்துவிட்டாள், பெட்டியோடு.

இரண்டு பேரும் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து பார்த்தார்கள். எனக்கு வேலை மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. லாவண்டர் ஆவுடைக்குப் பிடிக்கவில்லை. "மதினி, இது ஏ.சி. போட்ட துணிக்கடை மாதிரி இருக்கு" என்றாள். அக்காவுக்கு முகம் வாடியது. எலுமிச்சம்புல் காலைக்கு ஆகும் என்றாள். ஆரஞ்சு ஆஸ்பத்திரிக்கு மட்டும். "இத வீட்டுல போடக் கூடாது. போட்டா வீடும் ஆஸ்பத்திரி ஆயிரும்." சாம்பிராணி வெள்ளிக்கிழமை, ஆனால் பின்கட்டில் வைத்துக் கதவை ஒருக்களிக்க வேண்டும், கொஞ்சமாக வந்தால் போதும். கறிவேப்பிலை தாளிக்கலாம். பெருங்காயம் கூடாது.

அத்தனையும் அவளுக்குத் தெரிந்திருந்தது. எந்த வாசனை எந்த நேரத்துக்கு, எவ்வளவு தூரத்தில் என்று. நான் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அந்த ரோஸ் நிற மிஷின் இப்போது ஹாலில் புஸ் புஸ் என்று ஊதிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது. அவளுக்குப் பிடித்திருக்கிறது.

ஜூலை 5, சனி

கீழ்வீடு காலியாகிவிட்டது. யூசுப் சாவியை என் கையில் தரவில்லை. மேலே ஏறி வந்து ஆவுடையிடம் கொடுத்தான். வண்டி கிளம்பும்வரை அவள் பால்கனியில் நின்றாள். அப்புறம் நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. பேச என்ன இருக்கிறது?

சாப்பாடு: இரண்டு இட்லி, மத்தியானம் ரசம் சாதம். தங்கியது.

ஜூலை 8, செவ்வாய்

எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. அடுத்த டோஸ் தள்ளிப்போகாது. டாக்டரம்மா சிரித்தார். "என்ன மாத்துனீங்க?" என்று கேட்டார்.

"சோப்ப" என்றாள் ஆவுடை. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

ஜூலை 11, வெள்ளி

சாயங்காலம் வண்டியை எடுக்கச் சொன்னாள். எங்கே என்றேன். தெற்குத் தெரு என்றாள்.

"கூட்டத்துக்குள்ள போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காங்க."

"அங்க என்ன தேரா ஓடுது? ரஹ்மத்தும் அவ புருஷனும்தான இருக்காவ."

"மூணு நாள்ல அடுத்த கீமோ. படி ஏறி எறங்கினா..."

"நீங்க வாரியளா, நான் ஆட்டோ புடிக்கட்டா?"

கூட்டிப்போனேன். சின்ன வீடு, தெருவை ஒட்டி அடுப்படி. ரஹ்மத் வாசலுக்கே ஓடி வந்து ஆவுடையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இந்தக் காத்துல ஏன் வந்திய" என்று உள்ளே அழைத்துப் போனாள். யூசுப் எனக்குத் தலையை ஆட்டினான். வாங்க என்று சொல்லவில்லை. நான் வண்டியில் சாய்ந்து நின்றேன்.

ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. ஆவுடையை ஸ்டூலில், அடுப்புக்குத் தள்ளி, காற்று வருகிற பக்கமாக உட்காரவைத்தாள் ரஹ்மத். முதல் ஈடு முறுக்கு எண்ணெயில் விழுந்து சடசடவென்று சத்தம் கேட்டது. ஆவுடை முகத்தைச் சுளித்தாள். கைக்குட்டையைத் தேடினாள். உள்ளே ஓடி அடுப்பை அணைக்க வேண்டும் என்று கால் துடித்தது. வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். அவள் கைக்குட்டையை மூக்கில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, அப்புறம் மடியில் போட்டுக்கொண்டாள். ரஹ்மத் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆவுடை சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று. அதுவும் எனக்குத் தெரியாத எதற்கோ.

தெருவில் போகிறவர்கள் என்னைப் பார்த்தார்கள். பழைய மாணவன் ஒருவன் வண்டியை நிறுத்தி, "என்ன சார், இங்க நிக்கிய?" என்றான். "ஒன் சோலியப் பாத்துக்கிட்டுப் போல" என்றேன். பாவம், போய்விட்டான்.

கோபம் எனக்குக் குறையவில்லை. நோய் மேல், எடை பார்க்கிற மிஷின் மேல், சாவியைக் கையில் தராதவன் மேல், ஒரு வார்த்தை கூப்பிட்டால் குறைந்தா போய்விடுவார்கள் என்று எல்லார் மேலும் வந்தது. எல்லாரையும் சுற்றிவிட்டு அது திரும்ப என்னிடமே வந்து நின்றது. எண்ணெய் வாசனை தெருவரைக்கும் அடித்தது. எனக்குப் பசித்தது.

இருட்டுவதற்கு முன் ஆவுடை வெளியே வந்தாள். ஒரு முறுக்கு முழுதாகத் தின்றாளாம். வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"நாளைக்கும் வரணும். சீடைக்கு உருட்டித் தாரேன்னு சொல்லிருக்கேன். சும்மா கெடந்து சொவத்தப் பாக்கதுக்கு அது ஆகும்லா."

"சரி."

வண்டியை நான் கிளப்பவில்லை. பிறகு கேட்டேன். "நாளைக்கு நான் உள்ள வரலாமா?"

"அத எங்கிட்ட கேக்காதிய" என்றாள். "அவகிட்ட கேளுங்க."

திரும்பிப் பார்த்தேன். ரஹ்மத் அடுப்படியில் கடைசி ஈட்டை எண்ணெயிலிருந்து அரித்து எடுத்துக்கொண்டிருந்தாள். வண்டியிலிருந்து இறங்கி வாசல்படி வரை போனேன். செருப்பைக் கழற்றவில்லை. படியில் ஏறவும் இல்லை.

"ரஹ்மத்" என்று கூப்பிட்டேன். "ஒண்ணு கேக்கணும்மா."